அம்பு எந்தப் பக்கம்?

வாசகர் கேள்வி – பதில்: தரவுச் சேமிப்பும் மீட்பும்

இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்றுக்கு நீண்ட பதில் தேவைப்பட்டது. பிரதான சேமிப்பு பழுதாகி விழுந்து மாற்றுச் சேமிப்பில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது, பழைய ஒழுங்குக்குத் திரும்புவது எப்படி என்பதே அந்தக் கேள்வி. சேமிப்பு விழுந்த நாளில் தப்பிய தரவு திரும்புகிற நாளில் அழிந்துபோவது உண்டு. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறோம். பிரதான சேமிப்பு, 4 ரெராபைற் ஹாட்டிஸ்க் நாலு போட்ட நாஸ் பெட்டி (நெற்வேர்க் வழியே எல்லாக் கணினிகளும் பாவிக்கும் சேமிப்புப் பெட்டி), ரெய்ட் 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு நிற்கும் ஏற்பாடு). அதில் உள்ளதெல்லாம் இரவு 2 மணிக்கு இன்னொரு சின்ன நாஸ் பெட்டிக்குத் தானாகக் கொப்பியாகும். சின்னதில் 8 ரெராபைற் டிஸ்க் இரண்டு, ஒன்றின் பிரதி மற்றது. வியாழன் பிரதான பெட்டியில் ஒரு டிஸ்க் போனது. வெள்ளி காலை புதியது போட்டோம். ரீபில்ட் (புது டிஸ்க்கில் தரவை மீண்டும் கட்டும் வேலை) ஓடிக்கொண்டிருக்க, பிற்பகல் 3 மணிக்கு இன்னொன்றும் விழுந்து பெட்டி நின்றுவிட்டது. ஒன்பது நாளாகச் சின்னப் பெட்டியில்தான் வேலை. அதற்குள் இரண்டு கலியாணமும் ஒரு சாமத்திய வீடும் ஏறிவிட்டன. இப்போது ரெக்னீசியன் பழைய பெட்டியை எழுப்பிவிட்டார், போல்டர்கள் தெரிகின்றன. புது டிஸ்க் நாலும் வாங்கியாயிற்று. மொத்தம் 6 ரெராபைற் அளவு. முன்பிருந்தபடி கொண்டுவருவது எப்படி?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பழைய பெட்டியின் நெற்வேர்க் கேபிளை இப்போதே கழற்றுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

ஏனென்றால், இரவு 2 மணிக்கு ஓடும் அந்தக் கொப்பி வேலை பழைய பெட்டிக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெட்டி எழும்பிவிட்டது, நேரம் வந்ததும் அது தன் கடமையைச் செய்யும். 'பிரதானத்தில் இருப்பது போலவே மாற்றிலும் இருக்க வேண்டும்' என்பதுதான் அதற்குக் கொடுத்த கட்டளை. பிரதானத்தில் இல்லாத ஒன்பது நாள் படங்கள் அதன் கண்ணுக்கு அழிக்கப்பட வேண்டிய மிச்சங்கள். மூன்று விழாக்களும் ஒரே இரவில் போய்விடும். இதைவிட மோசமாகவும் நடக்கலாம். பெட்டி எழும்பியும் உள்ளே வொலியூம் (டிஸ்க்குகள் சேர்ந்து தரும் சேமிப்பிடம்) ஏறாமல் போல்டர் வெறுமையாக இருந்தால், அந்த வெறுமையையே மாற்றுப் பெட்டிக்கும் கொப்பி பண்ணி அங்குள்ள அனைத்தையும் துடைத்துவிடும். இதற்கு ஒரு காவல் உண்டு, முடிவில் சொல்கிறோம்.

கேபிளைக் கழற்றிய பின் ஒரு மடிக்கணினியை அந்தப் பெட்டியோடு மட்டும் நேராக இணைத்து உள்ளே போய், அந்த வேலையை நிறுத்துங்கள். மாற்றுப் பெட்டியிலும் ஏதாவது தானியங்கி வேலை இருக்கிறதா பாருங்கள். இரண்டு பெட்டிகளின் கடிகாரத்தையும் பாருங்கள். பல நாள் அணைந்து கிடந்த பெட்டியில் சிஆர்2032 காசுப் பற்றரி இறந்திருந்தால் திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருக்கும். 'புதிய திகதி உள்ள பைலை வைத்துக்கொள்' என்று நடக்கும் மென்பொருள் அப்போது பிழையான பைலைத்தான் தெரிவு செய்யும்.

அடுத்தது தீர்மானம். மூலப் பெட்டி எது, அதாவது எதிலிருந்து எதற்குக் கொப்பி? 'மாற்றுப் பெட்டிதான்' என்பது கிட்டத்தட்டச் சரி. ஆனால் முழுவதும் அல்ல. கடைசிக் கொப்பி வெள்ளி அதிகாலை 2 மணிக்கு ஓடியது, பிரதானம் பிற்பகல் 3 மணிக்கு விழுந்தது. இடையில் 13 மணித்தியாலம். அதற்குள் ஏற்றிய படங்களும் திருத்திய அல்பங்களும் பழைய பெட்டியில் மட்டுமே இருக்கின்றன. அதற்குப் பிந்திய ஒன்பது நாளும் மாற்றுப் பெட்டியில் மட்டுமே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மற்றதில் இல்லாதது இருப்பதால், கொப்பி போகும் அம்பை எந்தப் பக்கம் திருப்பி முழுக் கொப்பி ஓடவிட்டாலும் ஒன்று இழக்கப்படும். அந்த 13 மணித்தியாலத்தைக் கையால் பிரித்து எடுக்க வேண்டும்.

அதற்கும் முன், மாற்றுப் பெட்டியில் உள்ள 6 ரெராபைற்றையும் ஒரு 8 ரெராபைற் வெளி ஹாட்டிஸ்க்குக்குக் கொப்பி எடுங்கள். இன்றைக்கு அந்த ஒன்பது நாள் வேலை ஒரே ஒரு பெட்டியில்தான் நிற்கிறது. பெட்டியின் யூஎஸ்பி 3 துவாரத்தில் நேராகப் பொருத்தினால் நல்லது. நெற்வேர்க் வழியென்றால் ஜிகாபிற் வேகத்தில் செக்கனுக்கு 110 மெகாபைற் அளவுதான் போகும், 6 ரெராபைற்றுக்கு ஏறத்தாழ 15 மணித்தியாலம். சின்னச் சின்னப் பைல்கள் நிறைய இருந்தால் இன்னும் நீளும். கொப்பி முடியும் வரை பழைய பெட்டியைத் தொட வேண்டாம். அந்த மூன்று விழாக்களின் கமரா கார்டுகள் இன்னும் போர்மற் பண்ணாமல் இருந்தால் அப்படியே எடுத்து வையுங்கள்.

இனிப் பழைய பெட்டி. ரெக்னீசியன் அதை எந்த டிஸ்க்குகளை வைத்து எழுப்பினார் என்று அவரிடம் கட்டாயம் கேளுங்கள். நாலு டிஸ்க் ரெய்ட் 5, மூன்று இருந்தால் எழும்பும். வியாழன் போனதை மீண்டும் சேர்த்து எழுப்பியிருந்தால் அதற்குள் வியாழனோடு நின்றுபோன தரவு இருக்கிறது. மற்ற இரண்டிலும் வெள்ளிக்கிழமைத் தரவு. போல்டர் தெரியும், பைல் பெயர் தெரியும், அளவும் சரியாக இருக்கும். திறந்தால் படத்தின் பாதியில் சாம்பல் பட்டை விழும், வீடியோ நடுவில் உடையும். சேர்க்க வேண்டியது கடைசியாக, வெள்ளி 3 மணிக்கு விழுந்த டிஸ்க்கைத்தான். பெரும்பாலான நாஸ் பெட்டிகள் உள்ளே லினக்ஸின் எம்டி ரெய்ட் என்ற மென்பொருளைத்தான் பாவிக்கின்றன. ஒவ்வொரு டிஸ்க்கிலும் 'ஈவென்ற்' எண்ணிக்கை ஒன்று எழுதப்பட்டிருக்கும். எம்டிஅட்ம் கருவியால் அதைப் பார்க்கலாம். மூன்றில் எண்ணிக்கை ஒன்றாகவோ மிக நெருங்கியோ இருந்தால் அவைதான் கூட்டாளிகள். வெகுதூரம் பின்தங்கியதுதான் வியாழன் டிஸ்க், அதை ஒதுக்குங்கள். அரைகுறையாக ரீபில்ட் ஆன புது டிஸ்க்கையும் சேர்க்கக் கூடாது.

எம்டிஅட்மில் 'அசெம்பிள்' என்பதும் 'கிரியேற்' என்பதும் வேறு வேறு. முதலாவது இருப்பதைக் கூட்டி எழுப்பும். இரண்டாவது புதிதாக எழுதும். டிஸ்க் வரிசையோ துண்டளவோ பிழைத்தால் கிரியேற்றுக்குப் பின் வரும் ஒத்திசைவு பழைய தரவின் மேலேயே எழுதிவிடும். நாஸ் பெட்டியின் திரையில் வரும் 'வொலியூமைப் புதிதாக உருவாக்கவா?' என்ற பொத்தானும் அதே வேலையைத்தான் செய்யும். அந்தக் கேள்வி வந்தால் திரையை மூடிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை டிஸ்க் உண்மையிலேயே பழுதென்றால் அதிலிருந்து நேராகப் படங்களை எடுக்க முயல வேண்டாம். முதலில் டிடி-ரெஸ்கியூ கொண்டு ஒரு நல்ல டிஸ்க்குக்கு அச்சொட்டாகப் பிரதி எடுங்கள். அது அதே அளவோ பெரிதோவாக இருக்க வேண்டும். பழுதான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் நல்ல பகுதிகளை முதல் ஓட்டத்தில் எடுத்துவிட்டுப் பிறகு பழுதானவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கும் கருவி அது. எங்கெங்கே வாசித்தது என்ற வரைபடப் பைல் ஒன்றையும் வைக்கும். அந்தப் பைல் இருந்தால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எது மூலம், எது பிரதி என்பதை டிஸ்க்கின் தொடரிலக்கத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் 'எஸ்டிபி', 'எஸ்டிசி' என்ற பெயர்கள் கணினி அணைந்து எழும்பும்போது மாறக்கூடும். மாறி எழுதினால் மீட்க ஒன்றுமிராது.

பிறகு வொலியூமை வாசிக்க மட்டுமான நிலையில் ஏற்றி, வெள்ளி அதிகாலை 2 மணிக்குப் பின் திருத்தப்பட்ட பைல்களையும் மாற்றுப் பெட்டியில் இல்லாத பைல்களையும் மட்டும் தேடி எடுத்து, மாற்றுப் பெட்டியில் 'வெள்ளி மீட்பு' என்று தனிப் போல்டரில் போடுங்கள். உரிய இடங்களில் நேராகக் கொட்ட வேண்டாம். அந்தப் பைல்களில் சிலவற்றை நீங்கள் இந்த ஒன்பது நாளில் திரும்பச் செய்திருப்பீர்கள், புதியதன் மேல் பழையது விழுந்துவிடும். ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். வீடியோவென்றால் தொடக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, நடுவையும் முடிவையும் பார்க்க வேண்டும்.

இதுவரை வந்த பிறகுதான் புது டிஸ்க்குகளுக்கு வேலை. பெட்டியில் போடுமுன் நாலையும் நீண்ட சுயபரிசோதனைக்கு விடுங்கள். 4 ரெராபைற் ஒன்றுக்கு எட்டு மணித்தியாலம் அளவில் ஆகும், நாலையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம். டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளும் பூச்சியமாக இருக்க வேண்டும். 5 என்பது மாற்றிடம் கொடுக்கப்பட்ட பழுதான பகுதிகள், 197 இன்னும் தீர்மானமாகாமல் நிற்பவை, 198 வாசிக்கவே முடியாதவை. கேபிள் வழிப் பிழைகளை எண்ணும் 199 கூடினால் டிஸ்க்கைக் குற்றம் சொல்ல முன் கேபிளையும் செருகியையும் பாருங்கள். டிஸ்க் சிஎம்ஆர் வகையா எஸ்எம்ஆர் வகையா என்று மாதிரி இலக்கத்தை வைத்துச் சரிபாருங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க் தடங்களை ஓட்டுக்கூரை போல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவது. விடாமல் எழுதும்போது திணறி நிற்கும், ரெய்ட் அதைச் செத்ததென்று எண்ணி வெளியே தள்ளும். ரெய்ட்டுக்கு அது ஆகாது.

ரெய்ட் 5 தான் மீண்டும் வேண்டுமா என்றும் யோசியுங்கள். முதலாவது போனதற்குப் பின் இரண்டாவது விழுந்தது வெறும் துரதிர்ஷ்டம் அல்ல. ரீபில்ட் என்றால் மிஞ்சிய மூன்று டிஸ்க்கையும் முதலிலிருந்து முடிவு வரை வாசிப்பது, அதாவது 12 ரெராபைற். சாதாரண டிஸ்க்குகளின் விபரத்தாளில் வாசிக்க முடியாத பிழை கோடி கோடி பிட்டுக்கு ஒன்றுக்கு மேல் வராது என்று எழுதியிருக்கும். கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் அந்தத் தொகை 12.5 ரெராபைற். இது உற்பத்தியாளர் சொல்லும் எல்லைதான், நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நல்லாகவே நடக்கும். ஆனால் மூன்று வருடமாக யாரும் திறக்காத கலியாணப் போல்டரின் கீழே பழுதான பகுதி இருந்தால் அது தெரியவருவது ரீபில்ட் நாளில்தான். எங்கள் ஆலோசனை ரெய்ட் 6. நாலு டிஸ்க்கில் 8 ரெராபைற்தான் கிடைக்கும், எந்த இரண்டு போனாலும் நிற்கும். உங்கள் 6 ரெராபைற் அடங்கும், அடுத்த வருடம் இடம் நெருக்கும். அதைவிட, மாதம் ஒருமுறை முழு டிஸ்க்கையும் வாசித்துச் சரிபார்க்கும் 'ஸ்க்ரப்' வேலையைப் போட்டுவிடுங்கள். ரெய்ட் 5 ஆனாலும் 6 ஆனாலும் அது இல்லாமல் பயனில்லை.

புது வொலியூம் தயாரானதும் அம்பு மாற்றிலிருந்து பிரதானத்துக்கு. முதல் ஓட்டம் நீண்டது. அது ஓடும்போது நீங்கள் மாற்றுப் பெட்டியில் வேலை செய்துகொண்டே இருக்கலாம். அது முடிந்த ஒரு மாலையில் எல்லாக் கணினிகளையும் மூடி, மாற்றுப் பெட்டியின் போல்டர்களை வாசிக்க மட்டும் என்று மாற்றிவிட்டு, இரண்டாவது ஓட்டம். இடையில் மாறியவை மட்டுமே போகும், கன நேரம் எடுக்காது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் வெள்ளோட்டம் பாருங்கள். ஆர்சிங்க் உட்படக் கொப்பி பண்ணும் பெரும்பாலான கருவிகளில் ஒன்றையும் தொடாமல் 'இன்னதைக் கொப்பி பண்ணுவேன், இன்னதை அழிப்பேன்' என்று பட்டியல் மட்டும் தரும் வசதி இருக்கிறது. அந்தப் பட்டியலில் 'அழிப்பேன்' என்று ஒரு வரி வந்தாலும் நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

பிறகு இரண்டு பக்கமும் பைல் எண்ணிக்கையை ஒப்பிட்டு, செக்சம் (பைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) பார்த்து, அது சரியானால் பழைய ஐபி இலக்கத்தைப் பிரதான பெட்டிக்குக் கொடுங்கள். செக்சத்துக்கும் 6 ரெராபைற்றை முழுதாக வாசிக்க வேண்டும், ஒரு இரவு போகும். போகட்டும். இரவு வேலையைப் பழைய அமைப்பிலிருந்து எடுக்காமல் புதிதாக எழுதுங்கள். முதல் இரண்டு கிழமைக்கு அழிக்கும் வசதி வேண்டாம். மாற்றுப் பெட்டியில் ஸ்னப்ஷொட் (அந்தந்த நேர நிலையின் பதிவு) 14 நாளுக்கு வையுங்கள். இனி அந்தக் காவல்: பிரதானத்தின் போல்டருக்குள் ஒரு சின்ன அடையாளப் பைல் போட்டு, அது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் கொப்பி தொடங்கும்படி வேலையின் முதல் வரியை எழுதச் சொல்லுங்கள். வொலியூம் ஏறாத இரவில் அந்தப் பைலும் தெரியாது, ஒன்றும் நடக்காது.

பழைய டிஸ்க்குகளில் துவார இலக்கமும் விழுந்த நாளும் எழுதி ஒட்டி, இரண்டு மாதம் அலுமாரியில் கிடக்கட்டும். வாடிக்கையாளர் ஒருவர் அல்பத்துக்கு வந்து கேட்கும் வரை எது விடுபட்டது என்று தெரியாது.

கேள்வி: எங்கள் கணினியில் ஒரே மாதிரி இரண்டு ஹாட்டிஸ்க் ரெய்ட் 1 இல் (ஒன்றின் பிரதி மற்றது) ஓடுகின்றன. இதற்கு மேலும் பக்கப் எடுக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், நெல்லியடி

பதில்: வேண்டும். ரெய்ட் 1 ஒரு டிஸ்க் சாவதை மட்டுமே தாங்கும். நீங்கள் தவறுதலாக அழித்த பைல் இரண்டிலும் அதே கணத்தில் அழியும். பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் இரண்டிலும் பூட்டும். கணினியின் பவர் சப்ளை கெட்டு 12 வோல்ற் கூடிப் போனால் இரண்டும் சேர்ந்து எரியும். பக்கப் என்பது நேற்றைய, போன கிழமைய, போன மாதத்து நிலைக்குத் திரும்ப விடுவது. அதில் ஒன்றாவது கணினியிலிருந்து கழற்றப்பட்டு வேறிடத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: மருந்துக்கடைக் கணக்கு மென்பொருளின் போல்டரை ஒவ்வொரு நாளும் பென்டிரைவில் கொப்பி பண்ணுவோம். கணினி பழுதாகிப் புதியதில் போட்டபோது 'தரவுத்தளம் சேதம்' என்று வருகிறது. ஐந்து நாள் கொப்பியும் அப்படியே. ஏன்?
— ஒரு வாசகர், சுன்னாகம்

பதில்: மென்பொருள் திறந்திருக்கும்போது கொப்பி பண்ணியிருக்கிறீர்கள். தரவுத்தளம் ஒரு தனிப் பைல் போலத் தோன்றினாலும் அதன் ஒரு பகுதி எப்போதும் நினைவகத்திலும் இன்னொரு பகுதி பதிவுப் பைலிலும் இருக்கும். பென்டிரைவுக்குப் போகும் சில நிமிடங்களுக்குள் முன்பாதி 6:00 மணி நிலையிலும் பின்பாதி 6:03 நிலையிலும் எழுதப்பட்டுவிடும். இரண்டும் பொருந்தாது.

ஐந்து கொப்பிகளையும் வேறொரு இடத்தில் அப்படியே பிரதி எடுத்துவிட்டு, பிரதியில் மட்டும் சீர்செய்யும் கருவியை ஓட்டிப் பாருங்கள். பழைய கணினியின் டிஸ்க் உயிரோடிருந்தால் அதுவே நல்ல வழி. கணினி இறந்தாலும் டிஸ்க்கில் தரவுத்தளப் பைலும் அதன் பதிவுப் பைலும் சோடியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து எடுங்கள், ஒன்றை மட்டும் எடுத்தால் பயனில்லை.

இனிமேல் மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் பக்கப் கட்டளையைப் பாவியுங்கள். மென்பொருளின் தரவுத்தளம் மையெஸ்கியூஎல் என்றால் மையெஸ்கியூஎல்-டம்ப் கட்டளை, எஸ்கியூஎல் சேர்வர் என்றால் அதன் சொந்தப் பக்கப் பைல். எஸ்கியூஎல் சேர்வரின் புதிய பதிப்பில் எடுத்த பக்கப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ஆகவே பதிப்பு இலக்கத்தையும் நிறுவும் பைலையும் உரிமச் சாவியையும் சேர்த்தே வையுங்கள்.

மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் அதைத் திறந்து பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் மேல் ஒருபோதும் திரும்ப ஏற்றிப் பார்க்கக் கூடாது, வேறு பெயரில்தான் ஏற்ற வேண்டும். கடைசிப் பற்றுச்சீட்டு இலக்கம், அன்றைய மொத்தம், ஏதாவது ஒரு மருந்தின் இருப்பு, இந்த மூன்றையும் கடையின் தாளோடு ஒப்பிட்டால் போதும். பென்டிரைவ் ஒன்றே ஒன்று வேண்டாம். கிழமையின் ஆறு நாளுக்கு ஆறு, மாத முடிவுக்கு ஒரு வெளி ஹாட்டிஸ்க். வருடக்கணக்கில் எடுத்து வைப்பதற்குப் பென்டிரைவ் ஏற்றதல்ல. மின்சாரம் படாமல் கிடந்தால் அதிலுள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும்.

கேள்வி: போன ஐப்பசியில் விழுந்த இடியில் ரவுட்டர், கமரா ரெக்கோடர், நாஸ், அதன் மாற்றுப் பெட்டி எல்லாம் ஒன்றாகப் போயின. யூபிஎஸ் இருந்தும் ஏன்?
— ஒரு வாசகர், சாவகச்சேரி

பதில்: கரண்ட் வயரால் மட்டும் இடி வருவதில்லை. வெளிச் சுவரில் பொருத்திய கமராவின் நீண்ட கேபிள் ஒரு அன்ரெனா போலத்தான். பக்கத்தில் விழும் இடியே அதில் மின்னழுத்தத்தைத் தூண்டும். அது ரெக்கோடருக்குள் வந்து, அங்கிருந்து நெற்வேர்க் சுவிச்சுக்கு, சுவிச்சிலிருந்து அதில் பொருந்திய அனைத்துக்கும் போகும். யூபிஎஸ் இந்தப் பாதையில் இல்லவே இல்லை.

மாற்றுப் பெட்டியைப் பிரதானத்துக்குப் பக்கத்தில் ஒரே மல்ரிபிளக்கில் வைத்ததுதான் பெரிய பிழை. வேறு அறைக்கு, முடிந்தால் வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோய், இடையில் செப்புக் கேபிளுக்குப் பதில் ஒளியிழை போடுங்கள். இரண்டு முனையிலும் மின் சமிக்ஞையை ஒளியாக மாற்றும் மீடியா கொன்வேற்றர் ஒவ்வொன்று. இழை கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. உலோகக் கம்பி சேர்ந்த இழையை வாங்கிவிடாதீர்கள், அந்தக் கம்பி கடத்தும். கமராக்களுக்குத் தனிச் சுவிச். குடாநாட்டில் பல இடங்களில் மண் மெல்லியது, கொஞ்ச ஆழத்திலேயே சுண்ணாம்புக்கல். நிலத்தில் அடிக்கும் ஏர்த் கம்பி போதிய ஆழம் போகாமல் முட்டி நிற்கும். வீட்டு ஏர்த்தின் தடையை மின்னியலாளரைக் கொண்டு அளந்து பாருங்கள். ஏர்த் நல்லாக இல்லாவிட்டால் சேர்ஜ் பாதுகாப்புக் கருவியால் பெரிய பயன் வராது.

யூபிஎஸ்ஸிலிருந்து நாஸுக்கு யூஎஸ்பி கேபிள் போட்டிருக்கிறீர்களா? பலர் போடுவதில்லை. அது இருந்தால்தான் பற்றரி தீருமுன் பெட்டி தானாக ஒழுங்காக அணையும். உள்ளே இருக்கும் 12 வோல்ற் 7 அம்பியர்-மணித்தியாலப் பற்றரி எங்கள் வெக்கைக்கு இரண்டு மூன்று வருடம்தான். மாதம் ஒருமுறை சுவர்ப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். நாஸை அதிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு மேசை விளக்கைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: வெளி ஹாட்டிஸ்க் 'டிக் டிக்' என்கிறது. குளிரூட்டியில் வைத்தால் சரிவரும் என்கிறார்கள்.
— ஒரு வாசகர், குருநகர்

பதில்: வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அந்த ஈரத்தோடு தட்டு சுழன்றால் வாசிக்கும் தலை தட்டைச் சுரண்டும். டிக் டிக் என்பது தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும் சத்தம். ஒவ்வொரு முறை கரண்ட் கொடுக்கும்போதும் சேதம் கூடலாம். உள்ளே இருப்பது முக்கியமென்றால் தூசி நீக்கிய அறை உள்ள மீட்பு நிலையத்துக்கு மட்டும் கொடுங்கள், அதுவரை கரண்ட் கொடுக்க வேண்டாம். கடல் தண்ணீர் பட்ட டிஸ்க்குக்கும் இதே பதில்தான். வெயிலில் காயவைப்பதும் கூடாது, உப்பு உள்ளே படிந்துவிடும். ஈரத்தோடேயே மூடிய பையில் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் பழைய மலர்கள், கையெழுத்துச் சஞ்சிகைகள், கோயில் நோட்டீசுகள் எல்லாம் ஸ்கான் பண்ணி 1.8 ரெராபைற் சேர்ந்திருக்கிறது. ஒரு டிஸ்க் போய், பக்கப்பிலிருந்து திரும்ப எடுத்தபோது சில பைல்கள் இரண்டிரண்டாக வந்தன, சில வரவே இல்லை. ஒரு பிரதியை ரொறன்ரோவில் உள்ள ஊரவரிடம் வைக்கவும் யோசிக்கிறோம். என்ன செய்யலாம்?
— நிர்வாக உறுப்பினர் ஒருவர், காரைநகர்

பதில்: இரண்டிரண்டாக வந்தவற்றின் பெயரில் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் இருக்கின்றனவா பாருங்கள். யூனிகோட்டில் 'கொ' என்பதை எழுத இரண்டு வழி உண்டு. 'க'வுடன் ஒகரக் குறியை ஒரே எழுத்தாகச் சேர்ப்பது ஒன்று, கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றது. கண்ணுக்கு ஒன்றேதான், கணினிக்கு வேறு வேறு பெயர். பழைய மக் கணினிகள் பிரித்து எழுதும், விண்டோஸில் தட்டச்சு செய்தது பெரும்பாலும் சேர்த்தே இருக்கும். இரண்டிலிருந்தும் பக்கப் எடுத்தால் ஒரே மலர் இரண்டு பைலாக நிற்கும். ஒன்றை அழிக்குமுன் செக்சம் பார்த்து, ஒன்றேதான் என்று தெரிந்த பின் அழியுங்கள். பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆர்சிங்கிலும் எழுத்துவடிவத்தை மாற்றும் தெரிவு உண்டு.

வராமல் போனவற்றின் பெயர் மிக நீளமாக இருந்திருக்கும். லினக்ஸில் ஓடும் நாஸ் பெட்டியில் ஒரு பைல் பெயருக்கு 255 பைற்றுகள்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைற், ஆக 85. 'கா' என்றால் எழுத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என இரண்டு போய்விடும். 'காரைநகர் ... ஆலய மகாகும்பாபிஷேகச் சிறப்பு மலர் ...' என்று முழுத் தலைப்பையும் பெயராக வைத்தால் விண்டோஸ் ஏற்கும், நாஸ் தள்ளிவிடும். கொப்பி பண்ணும் மென்பொருள் பிழைப் பட்டியலில் ஒரு வரி எழுதிவிட்டுத் தொடரும், அதை யாரும் பார்ப்பதில்லை. பைலுக்குச் சுருக்கமான இலக்கம் வையுங்கள், தலைப்பை ஒரு அட்டவணையில் எழுதுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்கள் இருந்தால் அந்த எழுத்துருப் பைலையும் சேர்த்தே பக்கப் எடுங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

ரொறன்ரோப் பிரதி மிக நல்ல யோசனை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. உங்கள் அலுமாரியில் இருப்பதிலும் அப்படிப்பட்டவை இருக்கும். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத் திட்டத்தோடும் பேசிப் பாருங்கள், பொதுவில் வைக்க உரிமை உள்ளவற்றுக்கு அதுவும் ஒரு பிரதியாகும்.

முதல் பிரதியை இணையத்தால் அனுப்ப முயல வேண்டாம். செக்கனுக்கு 20 மெகாபிற் ஏற்றும் வேகம் இருந்தாலும் 1.8 ரெராபைற்றுக்கு எட்டு நாளுக்கு மேல் இடைவிடாமல் ஓட வேண்டும். ஒரு ஹாட்டிஸ்க்கில் மறைகுறியாக்கி, விடுமுறைக்கு வந்து திரும்பும் ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். கைப்பையில்தான், பொதியில் அல்ல. கூடவே ஒவ்வொரு பைலின் செக்சமும் உள்ள பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் அதை ஓட்டிப் பார்த்து, பொருந்தியது என்று பதில் வந்த பிறகுதான் அது ஒரு பிரதி. அதன் பின் மாதம் மாதம் சேரும் சில ஜிகாபைற்றுகளை இணையத்தால் அனுப்பலாம். அப்போதும் அம்பு ஊரிலிருந்து அங்கே, அழிக்கும் வசதி இல்லாமல்.

மறைகுறியின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டி, தலைவரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று. நிர்வாகம் மாறும் பொதுக்கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தோடு அந்த உறையும் கைமாற வேண்டும் என்று கூட்ட அறிக்கையில் எழுதிவிடுங்கள்.